என்றுமே இருந்திராதது போல

சட்டங்களை எழுதித் தருவது என் பிழைப்பு. மசோதா அமைச்சர் பெயரில் வரும், வாக்கியங்கள் என்னுடையவை. இருபத்திரண்டு ஆண்டுகளில் என் வாக்கியம் ஒன்றைக்கூட யாரும் பாராட்டியதில்லை. அந்த ஏக்கம்தான் வினையாயிற்று.

குற்றவியல் சட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பிரிவு என்று ஒரு கிழம் இருந்தது. சொத்துள்ள பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்தால் ஏழாண்டுச் சிறை. சொத்தில்லாத பெண் என்றால் ஒன்றுமில்லை, தூக்கினவன் வீட்டுக்குப் போகலாம். இதை நீக்கி, யாரை வற்புறுத்தி மணந்தாலும் குற்றம் என்று புதிதாக ஒரு மசோதா எழுதச் சொன்னார்கள்.

'நீக்கப்படுகிறது' என்ற ஒரு சொல் போதும். எனக்குப் போதவில்லை. 'என்றுமே இருந்திராதது போல நீக்கப்படுகிறது' என்று எழுதினேன். எழுதிவிட்டு மத்தியானம் வரை மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் காலை ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். தையல்காரி, தோளில் அளவு நாடா, கையில் அச்சிட்ட மசோதா.

"இத எழுதினது யாரு சார்?"

"நான்தாம்மா." பாராட்ட வந்திருக்கிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அப்ப என் கேஸைக் கொன்னது நீங்கதான்."

போன வருடம் ஒரு துணிக்கடைக்காரன் அவளைக் காரில் அடைத்துக் கொண்டுபோய், மிரட்டிப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அந்தக் கல்யாணப் பதிவைக் காட்டியே கடத்தல் வழக்கிலிருந்து நழுவிவிட்டான். அவளுக்குச் சொந்தமாக இரண்டு தையல் மெஷின் உண்டு. அதைச் சொத்தென்று காட்டி, அந்தக் கிழட்டுப் பிரிவிலேயே அரசு வக்கீல் வழக்குப் போட்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். சாதாரணமாக ஒரு சட்டம் நீங்கினாலும், அது இருந்த காலத்தில் நடந்த குற்றத்துக்கான வழக்கு தொடரும். சட்டமே என்றும் இருந்ததில்லை என்றால் குற்றமும் நடக்கவில்லை என்றாகிவிடும். புதிய சட்டமோ அது வருவதற்கு முன் நடந்ததைத் தொடாது. ஆக, என் மூன்று சொற்களில் அவன் தப்பிவிடுவான். வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன் நான்.

சொற்களை எடுக்க அமைச்சர் சட்டசபையில் திருத்தம் கொண்டுவர வேண்டும். அதற்கு நான் காரணம் எழுதித் தர வேண்டும். 'எழுத்துப் பிழை' என்று எழுதினேன்.

தட்டச்சு செய்யும் அக்கா எட்டிப் பார்த்தார். "யாரு பிழை? என் பிழையா? 'அக்கா, எப்படி இருக்கு கேளுங்க'ன்னு மூணு தடவ வாசிச்சுக் காட்டினீங்களே!"

"அப்பவே ஏதாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குன்னு சொன்னேன். பூரிச்சுப் போயிட்டீங்க."

தையல்காரி சிரிக்கவில்லை. "பிழைன்னு மட்டும் போட்டா அவன் வக்கீல் கேப்பாரு சார், வெச்சது பிழையா எடுத்தது பிழையான்னு. நடந்தத எழுதுங்க."

அவள் சொன்னது சரி. அடித்துவிட்டு எழுதினேன்: 'வரைவாளர் அழகுக்காகச் சேர்த்த சொற்கள். நடக்கும் வழக்குகளை நிறுத்தும் எண்ணம் இல்லை.'

மறுநாள் அமைச்சர் அதை அப்படியே வாசித்தார். 'அழகுக்காக' என்ற இடத்தில் சபையே சிரித்தது. "எழுதினவர் கவிஞரோ?" என்றார் ஓர் உறுப்பினர். அதிகாரிகள் வரிசையில் நான், கீழே விழாத பேனாவை மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன். திருத்தம் நிறைவேறியது, பிறகு மசோதாவும்.

வெளியே படிக்கட்டில் அவள் காத்திருந்தாள்.

"என் கேஸ் இருக்கா சார்?"

"இருக்கும்மா. எப்படின்னா, பொதுவா ஒரு சட்டம் நீங்கும்போது..."

"இருக்குல்ல? அது போதும். திங்கக்கிழமை நான் சாட்சி சொல்லணும், வரேன்."

நான் விளக்கி முடித்தபோது வாசல் காவலர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.