நூறு முறை வெடுக்

வயரைப் பிடுங்குவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் எங்கள் சோதனைப் பிரிவில் இருக்கிறார். வெடுக்கென்று இழுப்பார் என்பதால் 'வெடுக் அண்ணன்' என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். அன்று காலை அதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் எழுதியது எடை மெஷினுக்கான டிரைவர். அதாவது, மெஷின் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் நிரல். வயரை நூறு தடவை பிடுங்கிச் செருகினாலும் கம்ப்யூட்டர் உறையக் கூடாது. தேறினால் மூன்று நாள் விடுப்பு, தேறாவிட்டால் விடுப்பு ரத்து. நாலு வருஷம் கழித்து அக்கா அன்று மாலை விமானத்தில் வந்து இறங்குகிறாள். காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெடுக் அண்ணன் பிடுங்கியதில் முப்பத்தேழாவது தடவை திரை உறைந்தது.

"என் மேசையில இருநூறு தடவை பிடுங்கிப் பார்த்தேன்ணா. ஒண்ணும் ஆகல."

"எப்படிப் பிடுங்கின? காட்டு."

காட்டினேன். தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்தேன். திரையில் பூஜ்யம் வரும்வரை காத்திருந்தேன். எடை காட்டும் நிரலை மூடினேன். பிறகு வயரை மெல்ல உருவினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தூங்குற குழந்தை கையிலேர்ந்து பொம்மைய எடுக்கிற மாதிரி எடுக்கிறியேம்மா. கடைக்காரர் கால் தடுக்கித்தான் வயர் வரும். அப்போ தட்டுல சாமான் இருக்கும், எடை காட்டுற நிரலும் ஓடிட்டிருக்கும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது. என் டிரைவருக்குள் ஒரு டைமர் உண்டு. நொடிக்குப் பத்து தடவை எடையைக் கேட்டு, நினைவகத்தில் நான் வாங்கி வைத்த இடத்தில் எழுதும். வயர் போனதும் முதலில் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் டைமரை நிறுத்தியிருந்தேன். எடை காட்டும் நிரலை மூடினால் டைமர் தானே ஓய்ந்துவிடும். அதனால்தான் என் மேசையில் குட்டு வெளிப்படவில்லை. இங்கே அந்த டைமர், முப்பத்தாறு தடவை நேரம் ஒத்துவராமல் தப்பித்து, முப்பத்தேழில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் பழைய ஞாபகத்தில் உள்ளே போய்ப் பல் தேய்த்திருக்கிறது.

வரிசையை மாற்றினேன். முதலில் டைமரை நிறுத்து. பாதி வேலையில் இருந்தால் அது முடிக்கும்வரை காத்திரு. கடைசியில் இடத்தை விடு. மூன்றே வரி. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மறுபடியும் ஒன்றிலிருந்து. அவர் இழுக்க, நான் எண்ணினேன். முப்பத்தேழில் கண்ணை மூடிக்கொண்டேன், தாண்டிவிட்டது. எழுபதில் எண்ணிக்கையை ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தேன். பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். தொண்ணூற்றொன்பதில் வெடுக் அண்ணன் வேண்டுமென்றே எடைக்கல்லைத் தட்டில் தொப்பென்று போட்டுவிட்டு இழுத்தார். நூறும் ஆனது.

"ஓடு," என்றார்.

ஓடினேன். செருப்பு மாற்றக்கூட நினைவில்லாமல், மேசைக்கடியில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு ஓடினேன்.

விமான நிலைய வாசலில் அப்பா ஏற்கெனவே நின்றிருந்தார். தள்ளுவண்டியோடு வெளியே வந்த அக்காவை அப்படியே கட்டிக்கொண்டேன். இளைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"விடும்மா, வாசல்ல நிக்கிற கார எடுக்கச் சொல்றாங்க," என்றார் அப்பா.

"பாதியில விட்டா உறைஞ்சுபோயிடும்ப்பா. முடியட்டும்."

அக்காவுக்கு நான் சொன்னது ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளும் விடவில்லை.