கூட்டேரிப்பட்டு பாய்லரும் பெரியதம்பியின் அடுப்பும்

1984 தை மாதம் கூட்டேரிப்பட்டில் அம்சா தன் நெல் மில் பாய்லரை எரித்தபோது, விழுப்புரத்துக்கும் அந்தப் பக்கம் கண்டாச்சிபுரத்தில் சோறு வெந்தது. மில் தொட்டியில் கொட்டிய நெல் பச்சையாகவே கிடந்தது. சவுக்கு விறகு கிடைக்காமல் மில் மூடும் நிலைக்கு வந்திருந்ததால், உமியிலும் வேர்க்கடலைத் தோலிலும் எரியும் புது உலை ஒன்றைச் சோதனைக்கு வைத்துக் கொடுத்திருந்தார் சென்னை எஞ்சினியர் அரங்கநாதன். முதலில் எரித்தது கண்டாச்சிபுரத்து உமி. எரிப்பதை விளையவைத்தவர் வீட்டு அடுப்புக்கே சூடு போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஏக குஷி. இன்னும் இரண்டு லாரி உமி அனுப்பட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள்.

அடுத்து மல்லாட்டைத் தோல். அது முழுக்க மயிலம் பெரியதம்பியின் கொல்லையில் விளைந்தது. நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத மனுஷர். மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, பத்த வைக்காத அடுப்புல அண்டா அண்டாவா தண்ணி கொதிக்குது. நான் ஒண்டி ஆளு. பேஜாராப் போச்சு!"

எஞ்சினியர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சூட்டில் குறையில்லை, விலாசம்தான் தப்பு என்றார். மாசி முடிவதற்குள் நெல் வேகாவிட்டால் உலையைக் கழற்றித் திண்டிவனத்து மில் ஒன்றுக்குக் கொடுத்துவிடச் சென்னையிலிருந்து உத்தரவு. அப்பா விட்டுப்போன மில். அம்சா அதையும் இதையும் யோசித்து, கடைசியில் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பெரியதம்பியிடம் கேட்டாள்.

"சூடு உங்க அடுப்பத் தேடிக்கினுதான வருது? அந்த அடுப்ப இங்க கொண்டாந்துடுங்களேன்."

"அடுப்ப மட்டுமா?"

"ஆளு இல்லாத அடுப்ப வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

மாசியிலேயே மயிலம் கோயிலில் கல்யாணம். தாலி கட்டிய கையோடு அடுப்பைப் பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்து பாய்லர் பக்கத்தில் பதித்தார்கள். தோலை அள்ளிப் போட்டதும் ஆவி சீறிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியது. நெல் வெந்த வாசனை ரோடு வரைக்கும் போனது. அம்சா கல்யாணப் புடவையோடு நின்று ஓவென்று அழுதாள். சோதனை வெற்றி என்று அறிவித்த அரங்கநாதன், கல்யாணச் சாப்பாட்டையும் ஒரு பிடி பிடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு மில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. எப்போதாவது புருஷன் பெண்டாட்டிக்குள் முட்டிக்கொள்ளும். பெரியதம்பி அடுப்பைப் பெயர்த்து வண்டியில் போட்டுக்கொண்டு விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கு நெல் வேகாது. மூட்டையோடு காத்திருக்கும் சனம் என்ன சண்டை, யார் மேல் தப்பு என்றெல்லாம் கேட்பதில்லை. அம்சா புடவை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் விழுப்புரம் பஸ்ஸை மறித்து நிறுத்தி வைத்திருப்பார்கள்.