பதினேழாவது காய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அக்னெஸுக்குத் தெரியாது. பிரெஞ்சு பேசும் நகரத்து அஹுன்ட்சிக் பகுதியில், நபீலின் பலசரக்குக் கடையில் காஷியராக நிற்பவள் அவள். காலையில் நபீலின் ஊர்க்காரர் ஒருவர் சிறு துணிப்பையொன்றைக் கொடுத்து, நபீலிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே பச்சைப் பசேலென்று காய்கள். அட, வெரளிக்காய்! மட்டக்களப்பில் பள்ளிக்கூட வாசலில் உப்பும் தூளும் பிரட்டித் தின்றது, இங்கே, இந்த ஒக்டோபர் குளிரில். ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாங்காய்க்கென்று சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருந்த உப்பு மிளகாய்த்தூளில் ஒன்றைத் தோய்த்துக் கடித்தாள்.

கடவுளே! வேப்பங்காய் தோற்றுப்போகும். துப்பினாள், கொப்பளித்தாள், தேத்தண்ணி குடித்தாள், கசப்பு ஒன்றுக்கும் மசியவில்லை. கொட்டையைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் முதலாளி நபீல் வந்தார். பையைக் கண்டதும் மேசையைத் துடைத்து, காய்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார். பையை உதறிப் பார்த்தார். பதினாறு.

அதற்குமேல் அக்னெஸால் பொறுக்க முடியவில்லை. அப்படி என்ன அதிசயக் காய் இது என்று கேட்டேவிட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைக்குப் போதுமான பிரெஞ்சுதான். அதிலேயே அவர் சொன்னார். ஒலிவ் காயாம். பலஸ்தீனத்தில் அவர்களுடைய தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவில் வேலி. காய் பிடுங்கப் போவதற்கும் இராணுவத்தின் அனுமதி வேண்டும். இரண்டு வருடமாக அது கிடைக்கவில்லை. உழாமல் கிடந்தால் ஆளில்லாத காணி என்று எடுத்துவிடுவார்கள். இதற்கிடையில் யாரோ வந்து மரங்களைத் தறித்துக்கொண்டும் இருக்கிறார்கள். கடைசியாகக் கேள்விப்பட்டபோது நாற்பதில் மிஞ்சியது பதினேழு. இம்முறை தங்கை ஹுதாவுக்கு ஒரேயொரு பகல் கிடைத்தது, போனைக்கூடக் கொண்டுபோக விடவில்லை. இன்னும் எத்தனை நிற்கிறதென்று அறிய, நிற்கிற ஒவ்வொரு மரத்திலும் ஒரு காய் பிடுங்கி அனுப்பும்படி நபீல் அவளிடம் சொல்லியிருந்தார்.

"மூலையில நிண்ட மரம். அப்பா வெச்சது," என்றார். "அதுதான் போயிருக்கும்."

ஹுதாவுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மறுபடி அழைத்தார். அக்னெஸுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. இந்த மனிசன் ஒரு மரத்துக்குத் துக்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டார், மரமோ தன் சட்டைப் பைக்குள். வேலை போனாலும் போகட்டும்.

"முசியே, மரம் நிக்குது. அந்தக் காய நான்தான் திண்டுட்டன்."

நபீல் அவளை உற்றுப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"கசந்ததா?"

"இன்னும் கசக்குது."

அவர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"கொட்டை எங்க?"

அவள் கடதாசியை எடுத்து விரித்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் ஹுதாவை உள்ளே விடுவார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக வாயை அடக்கிக்கொண்டாள். நபீல் வரிசையின் கடைசியில் அதை வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். பதினாறு பச்சைக் காய்களுக்குப் பக்கத்தில், மேசையின் மூலையில், பல்லுப்பட்ட ஒரு கொட்டை, மிளகாய்த்தூள் ஒட்டியபடி.