ஊர் ஒத்துக்காது

தொகுதிப் பொறுப்பாளருக்குக் கடைவாய்ப் பல் வலியில் கன்னம் வீங்கிய அன்றுதான் கட்சித் தலைமையிலிருந்து அந்தக் கேள்வியும் வந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். அவருக்குப் பட்டது பல்லில்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு இந்தத் தொகுதியில் பல் டாக்டரம்மாவை நிறுத்தலாமா, இதுதான் கேள்வி. டாக்டரம்மா கட்சியில் பழைய ஆள். தண்ணீர்க் குழாய்க்காகவும் அரசு ஆஸ்பத்திரியின் ஒழுகுகிற கூரைக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர். தொகுதியில் பாதிப் பேருடைய வாய்க்குள் கை விட்டவர். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இங்கே முக்கால்வாசிப் பேர் கும்பிடுகிற சாமியை அவர் கும்பிடுவதில்லை. எதிர்க்கட்சி வேட்பாளரோ மேடை ஏறினால் சாமியை விட்டு இறங்கவே மாட்டார். ‘நம்ம ஓட்டு நம்ம சாமிக்கே’ என்று சுவர் சுவராக எழுதி வைத்திருந்தார். சாமி எப்போது மனுத் தாக்கல் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன இரண்டு தேர்தலிலும் டாக்டரம்மாவுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: சூழ்நிலை சரியில்லை, அடுத்த தடவை பார்க்கலாம். இந்த முறை அவரே சொல்லிவிட்டார். “மறுபடியும் இதையே சொன்னீங்கன்னா எனக்கு வருத்தமில்ல. ஆனா அரசியல் போதும். கிளினிக்கைப் பார்த்துக்கிட்டு இருந்துடுறேன்.”

தலைமை நிலையச் செயலாளர் தொலைபேசியில் கறாராகப் பேசினார். “ஜனங்களைக் கேட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுய்யா. ஒத்துக்குவாங்கன்னா அவங்க. இல்லேன்னா வேற ஆள்.”

மாடியில் இருந்தது கட்சி அலுவலகம். பொறுப்பாளர் கன்னத்தில் ஒரு கையும் மேஜைத் தொலைபேசியில் ஒரு கையுமாக உட்கார்ந்தார். தலைமை அனுப்பிய தாளில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். யார் வீடு என்று தெரிந்தால் பொறுப்பாளர் சாதகமாகப் பேசிவிடுவார் என்று சந்தேகம் அவர்களுக்கு. பொறுப்பாளருக்கோ வாயைத் திறந்தாலே உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொள்ளவும் வழியில்லை. கொழகொழத்த குரலில், “வணக்கம், ஒரு கருத்துக்கணிப்பு…” என்று ஆரம்பித்தார்.

முதலில் எடுத்தவர் ஒரு லாரி டிரைவர். “டாக்டரம்மாவா? தங்கமான மனுஷி. எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா ஊர் ஒத்துக்காது.”

அடுத்து ஒரு மருந்துக் கடைக்காரர். “நான் சாமியைப் பார்த்து ஓட்டுப் போடுற ஆளில்ல. ஆனா நம்ம ஜனங்க இருக்காங்களே, அவங்க அப்படித்தான்.”

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். “என் பல் செட்டே அந்தம்மா கட்டினதுதான். அதை வச்சுத்தான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். ஆனா ஊர் வாயை யாரால மூட முடியும்?”

பொறுப்பாளர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஊர் ஒத்துக்காது’ என்று எழுதிக்கொண்டே போனார். அவருக்கு இதில் ஆச்சரியமில்லை. அவருடைய கருத்தும் அதேதான். டாக்டரம்மா மீது அவருக்கு மரியாதை உண்டு, மதம் கிதம் எல்லாம் அவர் பார்ப்பதில்லை. ஊர்தான் பார்க்கிறது. ஊருக்கு அவர் என்ன செய்ய முடியும்?

அடுத்த எண்ணைச் சுழற்றினார். எடுத்தது ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. எண்ணெய் காணாத மெஷின். அந்தக் கிறீச்சு அவருக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் விடுகிறேன், விடுகிறேன் என்று மாதக்கணக்காகச் சாக்குச் சொல்லி வந்தவர் அவர்தான்.

“யாருங்க பேசுறது?” என்றாள் அவருடைய மனைவி.

கல்யாணமான காலத்திலிருந்து அவளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் கைபேசியில் ‘வீடு’ என்று போட்டு வைத்தபிறகு எண் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வைத்துவிடலாம் என்று கை போயிற்று. அதற்குள் அவள், “கருத்துக்கணிப்பா? கேளுங்க சார்,” என்றாள். அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு வீங்கிய கன்னம் அது; அதற்குள்ளிருந்து வந்த குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டார்.

மெஷின் நின்றது. “அந்தம்மா நின்னா நான் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன் சார். தெருத்தெருவாப் போய் ஓட்டுக் கேக்கக்கூடத் தயார். எந்தச் சாமியைக் கும்பிட்டா என்ன, தண்ணிக் குழாய் வந்துச்சா இல்லையா?” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா என் வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார் சார். அவர் கட்சிக்காரர். ஊர் ஒத்துக்காதுன்னே சொல்லிக்கிட்டு இருப்பார்.”

“நன்றிம்மா,” என்று வைத்துவிட்டார். தாளில் எழுதியதை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். லாரி டிரைவர் பயந்தது மருந்துக் கடைக்காரருக்கு. மருந்துக் கடைக்காரர் பயந்தது தபால்காரருக்கு. மனைவி பயந்தது இவருக்கு. இவர் இத்தனை நாள் யாருக்குப் பயந்தார் என்று யோசித்தார். ஒரு முகமும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பல்வலியைவிட அது அதிகமாக வலித்தது.

நேரே கிளினிக்குக்குப் போனார். டாக்டரம்மா நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார்.

“ஊர் என்ன சொல்லுச்சு?”

வாய் நிறையக் குறடும் பஞ்சுமாக இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? “ஆ… ஆ…” என்றார் பொறுப்பாளர்.

“பரவாயில்ல. கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு எனக்கு,” என்று ஒரே அசைப்பில் பல்லை எடுத்துவிட்டார். அந்தக் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. அரை மணி நேரம் பேசக் கூடாது.”

பொறுப்பாளர் வாழ்க்கையில் டாக்டர் பேச்சை மீறியது அன்றைக்குத்தான். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே தலைமைக்குப் போன் போட்டார்.

“அண்ணே, ஜனங்களைக் கேட்டுட்டேன். எல்லாரும் ஒத்துக்கிறாங்க. ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுக்காரன்தான் ஒத்துக்க மாட்டான்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போன் போட்டா அவனும் ஒத்துக்கிறான்.”

அந்தப் பக்கம் செயலாளர் செருமினார். “எனக்கு ஆட்சேபணை இல்லைய்யா. டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்களே.”

“மேல ஒரு போன் போட்டுக் கேளுங்கண்ணே. அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க.”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அடுத்த நோயாளியைக்கூடக் கூப்பிடவில்லை. பொறுப்பாளர் புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. செயலாளர்தான்.

“கேட்டேன்,” என்றார். குரலில் நம்ப முடியாத ஒரு திகைப்பு. “தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு எப்பவும் சம்மதம்தான், தொகுதிப் பொறுப்பாளர்தான் ஒத்துக்கலைன்னு நினைச்சேன்னார். அறிவிச்சிடலாம். ஜெயிக்கிறது உங்க பாடு.”

பொறுப்பாளர் பஞ்சை எடுத்துவிட்டு, “நீங்கதான் வேட்பாளர்,” என்றார். டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல,” என்று அதட்டினார்.

பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தபோது மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அவள் எதிரே குந்தினார். மனைவி அதிசயமாகப் பார்த்தாள்.

“சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னைக்கு?”

அவர் சக்கரத்தின் அச்சில் இரண்டு சொட்டு விட்டார். மரத்துப்போன உதட்டால் கொழகொழவென்று, “உன் வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டார்,” என்றார்.

அவள் கை துணியிலேயே நின்றது. வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். காலையில் கேட்ட குரல் ஞாபகம் வந்து முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மெஷின்மேல் மூடியைப் போட்டுவிட்டு எழுந்து செருப்பைத் தேடினாள்.

“அப்ப எந்தத் தெருவுல ஆரம்பிக்கலாம்?”