கிராணி வீட்டுப் பின்வாசல்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், பண்டார் பாருவை ஒட்டிய பாலத்துத் தோட்டத்தில் சனிக்கிழமை என்றால் அரிசி அளக்கும் நாள். ஸ்டோர் வாசலில் சாக்குப் பையும் கையுமாக ஜனம் வரிசை பிடித்து நிற்கும். ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் பெரிய ஆள் என்று பேர் உள்ளவனுக்கு வாரத்துக்கு எட்டு பால் டின் அரிசி. அரையாளுக்கு ஐந்து. வேலையே இல்லாதவனுக்கு மூன்று. அதிலும் பாதி நொய், மீதி சுண்ணாம்பு வாடை. எல்லாருக்கும் வயிறு ஒரே அளவுதான் என்பது அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

ராக்காயி அன்றைக்கு அளந்து வாங்கிய பையைக் கொண்டுவந்து தம்பி குழந்தைவேலுவின் காலடியில் போட்டாள்.

"இத வெச்சு வாரம் பூரா எப்படிடா ஓட்டுறது? பதினஞ்சு வயசுப் பையன், விட்டா தட்டையும் சேத்துத் தின்னுடுவான். தாய்மாமன்னு ஒருத்தன் இருக்க. அவனுக்கு ஒரு வேலை பாத்துக் கொடுக்கத் துப்பில்ல."

குழந்தைவேலுவுக்கு நாற்பத்தொரு வயது. மனைவி போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. புருஷனை இழந்த அக்காவும் அவள் மகன் பரஞ்சோதியும்தான் அவனுக்கு உலகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இப்போது மரத்தையே வெட்டிச் சாய்த்து மரவள்ளிக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வெட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டதென்னவோ நிஜம். பரஞ்சோதியை ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் அரையாளாக எழுதிக்கொண்டிருப்பார்கள். ஐந்து டின் அரிசி நேர்வழியில் வீடு வந்திருக்கும்.

ஆனால் குழந்தைவேலுவுக்கு எட்டு வேண்டும். நான் கேட்டால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மறுப்பானா என்ற மிதப்பு வேறு. மறுநாளே முட்டையிடும் கோழியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அக்காள் மகனையும் இழுத்துக்கொண்டு, கிராணி பக்கிரிசாமி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். தோட்டத்தில் ஆகவேண்டிய காரியமெல்லாம் அந்த வாசலில்தான் ஆனது. முன்வாசல் சாமி கும்பிடும்போது திறப்பதற்கு.

பக்கிரிசாமி முதலில் கோழியைத் தூக்கி எடை பார்த்தான். அப்புறம்தான் பையனைப் பார்த்தான்.

"மீசைகூட மொளைக்கல. என்னடா வயசு?"

பரஞ்சோதி வாயைத் திறப்பதற்குள் மாமன் முந்திக்கொண்டான். "நீங்க போடுறதுதான் வயசு, ஐயா."

"பத்தொம்பது போடுறேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா, நீ சொன்னதத்தான் எழுதினேன்னு சொல்லுவேன். தெரிஞ்சிக்க."

"அதெல்லாம் யாரு வந்து கேக்கப் போறா, ஐயா."

திரும்பி வரும்போது பரஞ்சோதி, "மாமா, எனக்குப் பதினஞ்சுதானே" என்றான். "அரிசி திங்கும்போது நெனச்சுப் பாரு, பத்தொம்பதுன்னு தோணும்" என்று சொல்லிச் சிரித்தான் குழந்தைவேலு. கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற லயம் முழுக்கப் போய் ஒரு மாதம் பீற்றிக்கொண்டான். பையன் உள்ளங்கை கொப்புளித்து, கோடரியைப் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். அதைப் பற்றி மாமன் பீற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் சென்று அந்த உத்தரவு வந்தது. சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து இருபது ஆள் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவன், கல்யாணம் ஆகாதவன் முதலில். முன்னே போனவர்களை மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். வருஷம் ஆகப்போகிறது, ஒருவனும் வரவில்லை. சயாம் என்ற பேரைக் கேட்டாலே பெண்கள் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டார்கள். லிஸ்டு எழுதும் வேலை கிராணிக்கு. பக்கிரிசாமி வீட்டுப் பின்வாசலில் ஒரு வாரம் செருப்பு வைக்க இடமில்லை.

கடைசியில் லிஸ்டில் பரஞ்சோதி பேர் இருக்கிறது என்று ஆள் மேய்க்கும் மண்டோர் வந்து காதில் போட்டான். குழந்தைவேலு உச்சி வெயிலில் கிராணி வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, அவன் பதினஞ்சு வயசுப் புள்ளை. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? புத்தகத்துல பத்தொம்பதுன்னு இருக்கு. நீ சொன்ன வயசு."

"கோழி கொடுத்தேனே ஐயா."

பக்கிரிசாமி பல் குத்திக்கொண்டே சிரித்தான். "தோட்டத்துலயே நீ ஒருத்தன்தான் கோழி வளக்கறியா? உன் மாப்ள எடத்துல வேற பேருதான் இருந்துச்சு. அவன் அப்பன் ஆடு கொண்டாந்தான். ஆட்டுக்கு முன்னால கோழி நிக்குமா?"

குழந்தைவேலு வீட்டுக்கு ஓடி, அக்காள் காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு மறுபடி வந்தான். கிராணி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து மடியில் செருகினான்.

"சரி, பேர அடிச்சிடறேன். ஆனா ஜப்பான்கார துவானுக்கு இருபது தலை வேணும். பத்தொம்பது கொடுத்தா என் தலைய எடுத்துடுவான். உன் மாப்ளைக்குப் பதிலா ஒரு பேரு நீயே சொல்லு. அந்தப் பாவத்த என் தலையில போடாத."

குழந்தைவேலு ஒவ்வொரு வீடாக மனசுக்குள் நடந்தான். அந்த வீட்டில் அப்பன் முரடன். இந்த வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேர். கேட்க நாதியில்லாத வீடு ஒன்று கடைசி லயத்தில் இருந்தது. விதவை செல்லாயியும் அவள் மகன் அம்மாசியும். அம்மாசிக்குப் பதினெட்டு வயது. குளிர்காய்ச்சலில் படுத்து நாலு நாளாகத்தான் எழுந்து நடக்கிறான்.

"அம்மாசி" என்றான்.

சொல்லும்போது அவன் குரல் நடுங்கவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். தன் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் இடி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் மழை என்று இருக்கிற மனிதர்களில் அவனும் ஒருவன். அன்று மரவள்ளிக்கிழங்கை வயிறாரத் தின்றான்.

மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் லிஸ்டு வாசிக்கப்பட்டது. பேர் உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் மூட்டையோடு வரவேண்டும், லோரி பாரிட் புந்தார் ஸ்டேஷனுக்குப் போகிறது என்று ஜப்பான் அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கத்தினார். குழந்தைவேலு கூட்டத்திலிருந்து நழுவி லயத்துப் பக்கம் நடந்தான். பின்னாலேயே ஒருத்தி ஓடிவந்தாள். செல்லாயிதான். வழியில் வீட்டுக்குள் நுழைந்து எடுத்த வெண்கலக் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். கிராணிகிட்டப் பேசற வழி எனக்குத் தெரியாது. உங்க அக்கா மகனுக்கு நீங்கதான பெரிய ஆள் வேலை வாங்கிக் கொடுத்தீங்க. எம் மவன் பேரையும் எடுத்துவிடச் சொல்லுங்கண்ணே. அவனால நிக்கவே முடியல. வேற யார எழுதுனாலும் எழுதிக்கட்டும்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று நாளைக்கு முன்னால் அவனும் அதைத்தானே கேட்டான். இந்தக் குடம் பின்வாசலுக்குப் போனால் இன்னொருத்தி இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஒவ்வொரு தடவையும் அவளைவிட இல்லாதவள் வீட்டுப் பிள்ளை லோரியில் ஏறுவான். முடிவே கிடையாது. முதல் கோழியைக் கொண்டுபோய்ப் போட்டவர்களில் தானும் ஒருவன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"குடத்த வீட்டுல வைம்மா" என்றவன் பெரட்டுக் களத்துக்குத் திரும்பி நடந்தான்.

அதற்குள் மூட்டையோடு வந்தவர்கள் லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாசி போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றான். குழந்தைவேலு நேரே போய் மொழிபெயர்ப்பாளரிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"இவன் பேரு மொதல்ல லிஸ்டுல இல்ல ஐயா. எம் மாப்ள பேரு இருந்துச்சு. பதினஞ்சு வயசுப் பையன பத்தொம்பதுன்னு எழுத இந்தக் கிராணிக்குக் கோழி கொடுத்தேன். அந்தப் பேர எடுக்கத் தோடு கொடுத்தேன். அம்மாசி பேரச் சொன்னது நான். அவனுக்குப் பதிலா நான் ஏறுறேன்."

"பொய். அபாண்டம்" என்றான் பக்கிரிசாமி. ஆனால் எல்லார் கண்ணும் ராக்காயியின் காதுக்குப் போய்விட்டது. வெறும் காதைச் சேலையால் மூடிக்கொண்டு அவள் தம்பியைத் திட்டினாள். "பைத்தியக்காரா, புள்ளைய மீட்டுட்டு இப்ப என்னையும் சேத்து நாறடிக்கறியே."

"மாமா, நான் ஏறுறேன்" என்று பரஞ்சோதி முன்னால் வந்தான். "ஓடிப்போ. வயச யாரு கேட்டாலும் இருக்கறதச் சொல்லு" என்று அவனை நெட்டித் தள்ளினான் மாமன்.

ஜப்பான் அதிகாரிக்குக் கோழியும் தெரியாது, தோடும் தெரியாது. வரிசை கலைந்ததற்காகக் குழந்தைவேலுவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார். அதிகாரி அம்மாசியையும் குழந்தைவேலுவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுங்குகிறவனைக் காட்டிலும் திடமாக நிற்கிறவன் மேல் என்று நினைத்தானோ என்னவோ, லோரியைக் கைகாட்டினான்.

குழந்தைவேலு ஏறிப் பலகையைப் பிடித்துக்கொண்டான். வாயோரம் ரத்தம் வந்தது. கூட்டத்தில் ஒருவரும் அவனுக்காக உச்சுக் கொட்டவில்லை. செல்லாயி மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு லோரியின் அருகே வந்தாள். அவள் கையெடுத்துக் கும்பிடப் போகிறாள் என்று சிலர் நினைத்தார்கள்.

"ஏறிட்டீங்க, சரி. அதுக்காக உங்கள மன்னிக்க எனக்கு மனசு வரல அண்ணே" என்றாள். "லஞ்சம் கொடுக்கறவன் கோழியக் கொடுத்தேன், தோடு கொடுத்தேன்னுதான் நெனச்சுக்கறான். நானும் கொஞ்ச நேரம் முன்னாடி குடத்தத்தான் கொடுக்கறதா நெனச்சேன். நாம கொடுத்ததெல்லாம் அடுத்தவ பெத்த புள்ளைய."

குழந்தைவேலு ஆமாம் என்று தலையை ஆட்டினான். லோரி கிளம்பியது.