அறுபதாவது பெயர்

அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை, தலை எண்ணும் நாள். அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைக் கணக்கிட்டுத்தான் அரசு அந்த வருடத்துக்கான பணத்தைக் கொடுக்கும். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் அந்தப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை நாற்பது மைல் தள்ளி நகரத்துக்கு அனுப்புவதென்று கவுண்டி எனும் மாவட்டத்தின் பள்ளி வாரியம் வசந்தத்திலேயே முடிவெடுத்திருந்தது.

அதைக் கேட்ட நாளிலிருந்து அலுவலக எழுத்தர் ஆர்லீனுக்கு எதுவும் உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலி. அழுகை வரவில்லை. ஞாயிறு ஜெபத்தில் உதடு மட்டும் அசைந்தது.

வாசனைக்காவது பிள்ளைகள் வரட்டும் என்று சமையல்காரி மார்லிஸ் பான்கேக் சுட்டாள். வருடத்தில் இந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் அந்த விருந்து.

"ஏம்மா ஆர்லீன், அந்த இரட்டைப் பொண்ணுங்க ரெண்டு தலையிலயும் பேன்!"

"இன்னிக்கு யாரையும் திருப்பி அனுப்பாதே."

"பேனையும் சேத்து எண்ணச் சொல்லேன். ஆயிரம் தேறும்."

பெயர் கூப்பிட்டு முடித்தபோது ஐம்பத்தொன்பது பேர் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பு டீலியா மட்டும் வரவில்லை. தலைமை ஆசிரியர் ரவுட்டியோ மேஜைமேல் குனிந்தார்.

"காய்ச்சல்னு போடுங்க ஆர்லீன். பத்து நாளைக்குள்ள வந்துட்டா இன்னிக்கே வந்ததா எடுத்துக்கலாம். விதியிலயே இருக்கே."

அவள் பேனாவை எடுத்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. பக்கத்து கவுண்டிப் பள்ளியின் எழுத்தர்.

"டீலியான்னு ஒரு பொண்ணு உங்க பள்ளியாங்க? காலையில அவங்கம்மா இங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. வீடு மாத்திட்டாங்களாம். நீங்க விடுவிச்சாத்தான் நான் சேத்துக்க முடியும். ஒரே பிள்ளையை ரெண்டு பள்ளியும் எண்ணக் கூடாதில்லையா? அதுவரைக்கும் ஆபீஸ் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. பேசவே மாட்டேங்குறா."

ரவுட்டியோ கையால் சைகை காட்டினார்: தெரியாது என்று சொல்.

ஆர்லீன் அந்தப் பெஞ்சை நினைத்தாள். தரைக்கு எட்டாமல் தொங்கும் இரண்டு கால்களை நினைத்தாள்.

"எங்க பொண்ணுதான். இப்பவே விலகல் தாளை பேக்ஸ்ல அனுப்பறேன்" என்றாள். "இன்னொண்ணுங்க. பால் டப்பாவை அவளால திறக்க முடியாது. திறந்து தாங்கன்னு கேக்கவும் மாட்டா. யாராவது தானா போய்த் திறந்து கொடுக்கணும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நானே போறேங்க."

ரவுட்டியோ நாற்காலியில் சரிந்தார். "என் கையெழுத்து வரலைன்னு நாளை வரைக்கும் இழுத்திருக்கலாமே! இன்னிக்குக் கணக்குல அவ நம்ம பொண்ணுதானே!"

"இழுத்திருக்கலாம் சார். நாளை வரைக்கும் அவ பெஞ்சுலயே உக்காந்திருப்பா."

அவள் நீட்டிய விலகல் தாளில் ரவுட்டியோ கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கைத் தாளில் ஐம்பத்தொன்பது என்று எழுதியதற்குக் கீழேயும் போட்டார். இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஆர்லீனுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது.

"டீலியா பால் குடிச்சிட்டா. ரெண்டாவது டப்பாவும் கேட்டா. வாயத் திறந்து கேட்டா."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி ஆர்லீன் தொலைபேசியை வைத்தாள்.

மார்லிஸ் இனிப்புச் சிரப்பு ஊற்றி ஆறிப்போன பான்கேக் தட்டொன்றை மேஜையில் வைத்தாள். "டீலியாவுக்குன்னு எடுத்து வெச்சது. நீயாவது தின்னு."

ஆர்லீன் கண்ணை மூடி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்துவிட்டு ஒரு வாய் எடுத்தாள்.

"சிரப்பு கூடிப்போச்சு" என்றாள்.

"ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் என் சமையல்ல குத்தம் கண்டுபிடிச்சிருக்கே" என்று மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.