பென் டிரைவில் வந்த குரல்

படம் வந்தது, குரல் வரவில்லை. சத்யா ஒன்பதாவது முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்து ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் தொப்பி போட்ட பொம்மைத் தொழிலாளி மின்பலகையைக் காட்டி வாயசைத்தான். அவ்வளவுதான்.

“சினிமா பேசுது, பாட்டு பாடுது. இது மட்டும் இன்னா ஊமையா?” என்று கேட்டவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பின்னால் கட்டிலில் அவள் கணவன் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். புற்றுநோய்க்காக அவனுடைய குரல்வளையை எடுத்து நான்கு மாதமாகிறது.

கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில், புது ஆட்களுக்குக் காட்டும் பாதுகாப்புப் பாடம் அது. செய்தவன் அவன், பேசியவனும் அவன். திங்கட்கிழமை அதில் அவன் குரலை எடுத்துவிட்டுக் கணினிக் குரலை வைக்கப்போகிறார்கள். கூட வேலை செய்த ஜெபா அதற்குள் முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஏழுமலையின் பழைய போன் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் தொலைந்தபிறகு, அவன் குரல் வேறெங்கும் இல்லை. குரல் கோப்பைத் தனியாகத் திறந்தாலும் எதிலும் ஓடவில்லை.

“ஆபீஸ்ல நல்லா பேசுதாம் மாமா. ஜெபா கேட்டுக்கினுதான் வந்திருக்கா. நம்ம ஊட்ல மட்டும் இன்னா பேஜாரு?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“உனக்குத் தெரியும். மூஞ்சியே சொல்லுது.”

நோட்டை எடுத்து எழுதினான்: ‘வேணாம். கேட்டா அழுவ.’

“இப்ப மட்டும் சிரிச்சிக்கினா கீறேன்?” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “உன் குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு மாமா. நேத்து முழுக்க யோசிச்சேன். வரவேயில்ல.”

அவன் நோட்டில் புதுப் பக்கம் புரட்டினான். பிறகு பேனாவைத் திறந்தான்.

நான்கு மாதமாக அந்த நோட்டில் தண்ணி, வலி, தூங்கு, இவைதான். முன்பெல்லாம் மிக்சி ஏன் சூடாகிறது என்று கேட்டால் போதும், குழம்பு ஆறும்வரை விளக்குவான். இப்போது பேனா நிற்காமல் ஓடியது.

‘கோப்பு கெடல. ஆபீஸ்ல பக்கமும் குரலும் ஒரே சர்வர்லேர்ந்து வருது, பிரவுசர் விடுது. நீ டிஸ்க்லேர்ந்து நேரா திறக்கிற. அப்படித் திறந்த பக்கம் இன்னொரு கோப்பைப் படிக்கப் போனா பிரவுசர் தடுக்கும். தடுக்கலேன்னா எவனோ அனுப்பின பக்கம் நம்ம போட்டோ, பேங்க் பேப்பர் எல்லாத்தையும் படிச்சிடும். பொம்மையைப் பக்கத்துக்குள்ளயே எழுதியிருக்கேன், அதான் தெரியுது. குரல் தனிக் கோப்பு; நானே வேற மாதிரி சுருக்கி வச்சது, இந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் அதைப் பிரிக்கத் தெரியும். இது நல்ல காவல் சத்யா, இதை எடுத்துடக் கூடாது. சுத்தி வரணும்.’

தாளைத் திருப்பி இன்னும் நாலு வரி எழுதினான். லேப்டாப்பில் அவனே எதையோ அடித்துவிட்டு, நோட்டை அவள் மடியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

சத்யா பொத்தானை அழுத்தினாள்.

“வணக்கம். இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அவசரப்படாதீர்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.”

கொஞ்சம் கரகரப்பு. வரியின் முடிவில் லேசாக இறங்கும். இதையா மறந்தாள்? புடவை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஜன்னல் வழியே அவன் முதுகு தெரிந்தது. கழுத்துக் கட்டின்மேல் கை வைத்து நின்றிருந்தான்.

மடியில் இருந்த தாளின் தலைப்பில், ‘நான் இல்லாதப்போ நீயே போட்டுக்க’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே:

‘பக்கத்தை நேரா திறக்காதே. டெர்மினல்ங்கிற கறுப்புத் திரையை அந்தக் கோப்புறையிலேயே திறந்து, python -m http.server 8000 என்று அடி. இனி நம்ம லேப்டாப்பே சின்ன சர்வர், அந்தத் திரையை மூடாதே. பிரவுசரில் localhost:8000 என்று போட்டு, தொடங்கு பொத்தானை அழுத்து. பேசும்.’